பின்பக்கத்தில் படகு நேரம்

கசனே தீவு
2003 ஏப்ரல் 20

யாசுயோவுக்கு,

இங்கே செர்ரிப் பூ உதிர்ந்துவிட்டது. உங்கள் பள்ளத்தாக்கில் இப்போதுதான் மொட்டு கட்டியிருக்கும். உறையின் மேல் வழக்கம்போல, தீவின் பெயர் இல்லாமல், மொரிதா ஹஜிமே என்றே எழுதியிருக்கிறேன். கவிதை வட்டத்து மொரிதா எழுதியிருக்கிறார் என்று உன் வீட்டுக்காரர் கென்சாகு கொண்டுவந்து உன் கையில் கொடுப்பார். அதில் மாற்றமில்லை. மாறியது வேறொன்று.

தீவின் அருங்காட்சியகத்துக்குப் புதிதாக ஒரு பொறுப்பாளர் வந்திருக்கிறாள். இசெகி என்று பெயர், முப்பது வயதிருக்கும். பழைய சலவைக் கொட்டகையில் எங்கள் ஊன்றுகோல்களையும், வேலிக் கம்பியில் ஒரு துண்டையும், தீவுக்கு வெளியே செல்லாத காசுகளையும் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறோமே, அதுதான் அருங்காட்சியகம். பார்க்க ஆள் வருவதில்லை. குஷ்ட நோயாளிகள் என்று எங்களை இன்னும் சொல்கிறார்கள். நோய் போய் நாற்பது வருடமாகிறது, எங்களை அடைத்துவைத்த சட்டமும் போய்விட்டது. நாங்களும் போனபின் கொட்டகையைப் பூட்டிவிடுவார்கள் என்று பேச்சு.

இசெகி ஒரு யோசனை வைத்திருக்கிறாள். கூட்டத்தில் சொன்னாள்: "போஸ்டரை யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதில்ல. நோட்டீஸை ரயில்லயே விட்டுட்டு இறங்கிடுறாங்க. ஆனா நம்ம நாட்டுல ஒருத்தர் கையால வாங்கின விசிட்டிங் கார்டைத் தூக்கிப் போடுற ஆள் உண்டா? அவர் செத்தப்புறமும் வெச்சிருப்பாங்க."

அதனால் டாக்டர், நர்சுகள், படகோட்டி, சமையல்காரர், வழிகாட்டும் நாங்கள் நாலு கிழவர்கள், எல்லோருக்கும் கார்டு. முன்பக்கம் பெயர். பின்பக்கம் அருங்காட்சியகத்தின் படம், இறங்குதுறைக்கு வழி, படகு நேரம்.

பெயர் எழுதிக்கொள்ள என்னிடம் வந்தாள். "மொரிதா, அப்புறம் ஹஜிமே எப்படி எழுதுவீங்க ஐயா?"

"தொச்சிகுபோ எய்ஸோ" என்றேன்.

"அது யாரு?"

"நான்தான்."

முன்கூட்டி நினைத்துச் சொன்னதில்லை, யாசுயோ. வாய் சொல்லிவிட்டது. பதினேழு வயதில் படகிலிருந்து இறக்கியதும் அலுவலகத்தில் ஒரு பெயரைக் கொடுத்தார்கள், உன் குடும்பத்துக்குக் களங்கம் வரக்கூடாது பார் என்று. வாங்கிக்கொண்டேன். இத்தனை வருடமாக வருகிறவர்கள் இரண்டு கையாலும் தங்கள் கார்டை நீட்டும்போதெல்லாம் நான் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். திருப்பிக் கொடுக்க எதுவுமில்லாமல் வாங்குவது பிச்சை வாங்குவது போல இருக்கும். உனக்கு அது புரியுமோ தெரியாது.

அச்சுக்குப் போய்விட்டது. உனக்குத் தெரியாமல் செய்தான் என்று ஆகிவிடக்கூடாது, அதனால் எழுதுகிறேன்.

எய்ஸோ


கமிசாவா
2003 ஏப்ரல் 29

அண்ணா,

உன் கடிதத்தை மாட்டுக்கொட்டிலாக இருந்த அறையில் நின்று படித்தேன். இரண்டு முறை. அச்சுக்குக் கொடுத்த பிறகு சொல்வது தெரியாமல் செய்வதைவிட எந்த விதத்தில் மேல் என்று நீயே சொல்.

தொச்சிகுபோ என்ற பெயர் இந்த நாட்டில் எத்தனை வீட்டில் இருக்கிறது? டெலிபோன் புத்தகத்தில் ஒரே ஒரு வரி, அது எங்கள் வீடு. மொரிதா என்றால் ஊருக்கு நூறு பேர். அதற்காகத்தானே அந்தப் பெயரைக் கொடுத்தார்கள்.

இதுவரை எழுதாத ஒன்றை எழுதுகிறேன். கென்சாகு இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தது எப்படி என்று உனக்குத் தெரியும், எதைச் சொல்லிக் கூட்டிவந்தார்கள் என்று தெரியாது. ஹராதா வீட்டின் மூன்றாவது பிள்ளை அவர். நம் அப்பா போய்க் கேட்டார். எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை இல்லை, இருந்த ஒருவனும் நுரையீரல் கெட்டு இறந்துவிட்டான், உங்கள் பிள்ளை எங்கள் பெயரை எடுத்துக்கொண்டு இந்த வீட்டை நடத்த வேண்டும் என்று. அவர் வந்தார். ஹராதாவாகப் பிறந்து தொச்சிகுபோவாகக் கையெழுத்துப் போடப் பழகினார். கல்யாணமான முதல் வருடத்தில் ஒரு நாள் தப்பாக ஹராதா என்று எழுதிவிட்டு, வெட்கப்பட்டுச் சிரித்து, அடித்துத் திருத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

அவருக்கு நீ இறந்தவன். நீ இறந்ததால்தான் அவர் இங்கே இருக்கிறார்.

அந்தப் பெண்ணிடம் சொல்லி மொரிதா என்று மாற்றி அச்சடித்துக்கொள். கேட்டுக்கொள்கிறேன். இதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

யாசுயோ


கசனே தீவு
2003 ஜூன் 8

யாசுயோ,

மாற்றவில்லை.

உடனே பதில் எழுதாததற்குக் காரணம், எழுத உட்காரும்போதெல்லாம் மாற்றிவிடுகிறேன் என்று எழுதிவிடுவேனோ என்ற பயம்.

கார்டு தடித்த தாளில் வந்தது. மெல்லிய தாளை என் விரலால் எடுக்க முடியாதென்று இசெகி கவனித்து வைத்திருக்கிறாள், நான் சொல்லவில்லை. முதல் நாள் வந்தவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்து மேலாளர். அவர் நீட்டினார், நானும் நீட்டினேன். வளைந்த விரல்களுக்கு இடையில் கார்டு கொஞ்சம் ஆடியது. வாங்கி, படித்து, "தொச்சிகுபோ ஐயா, அபூர்வமான பேரு" என்று குனிந்தார். வேறொன்றுமில்லை. அவ்வளவுதான். அவர் கார்டை அன்று பூராவும் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.

எல்லோரும் அப்படியில்லை. ஒரு அம்மாள் கார்டை நுனியில் பிடித்து வாங்கினாள், போகும்போது பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனாள். படகோட்டி கொஹெய் அதைக் கொண்டுவந்து, "இந்தாங்க, உங்க சொத்து. அடுத்த தடவை பசை தடவிக் குடுங்க" என்றான். சிரித்தோம்.

ஆனால் ஆள் வருகிறார்கள். அதை நீ நம்ப வேண்டும். ஒருவர் கார்டை அலுவலகத்தில் காட்ட, அங்கிருந்து ஆறு பேர் வந்தார்கள். போன வாரம் படகிலிருந்து இறங்கிய ஒருத்தி துறையில் நின்று, "தொச்சிகுபோ ஐயா இருக்காரா?" என்று உரக்கக் கேட்டாள். கொஹெய் என்னைக் கையால் காட்டினான். என் சொந்தப் பெயரில் என்னைக் கடைசியாகக் கூப்பிட்டது நம் அம்மா.

உன் பயத்தை நான் ஒதுக்கவில்லை. கொடுக்கும் முன் ஒவ்வொருவரையும் எந்த ஊர் என்று கேட்கிறேன். உங்கள் மாநிலம் என்றால் கார்டு தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். இது வாக்கு.

கென்சாகுவைப் பற்றி எழுதியிருந்தாய். அவர் தன் பெயரை விட்டுக்கொடுத்தார், வீடு கிடைத்தது, நீ கிடைத்தாய், சிஹோ பிறந்தாள். நானும் என் பெயரை விட்டுக்கொடுத்தேன். கணக்குப் பார்ப்பதற்காகச் சொல்லவில்லை. படித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது, ஆனாலும் அந்த வரியை அடித்துவிடவில்லை.

எய்ஸோ


கமிசாவா
2003 செப்டம்பர் 3

உன் வாக்கு என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன்.

கீழ்த்தெரு மொச்சிசுகி வாத்தியாரை உனக்குத் தெரிந்திருக்காது, நீ போன பிறகு இந்த ஊருக்கு வந்தவர். தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். அவர் மகள் டோக்கியோவில் இருக்கிறாள். அவள்தான் உன் தீவுக்கு வந்திருக்கிறாள். எந்த ஊர் என்று நீ கேட்டிருப்பாய், டோக்கியோ என்று சொல்லியிருப்பாள். பொய்யில்லையே. இறந்தவர்களை வரவேற்கும் நாட்களுக்கு ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் கார்டைக் கொடுத்திருக்கிறாள்.

வாத்தியார் சிவப்புப் பயறு இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கார்டை மேசையில் கென்சாகு படிக்கும்படி திருப்பி வைத்து, விரல்நுனியால் நகர்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பேரு இன்னொருத்தருக்கு இருக்கும்னு நான் நெனச்சதே இல்ல. சொந்தமா இருந்தா சந்தோஷப்படுவீங்கன்னு தோணுச்சு."

கென்சாகு இரண்டு கையாலும் எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். சிரித்தார். "அட, இது எங்க மைத்துனர் பேரு. சின்ன வயசுலயே போயிட்டாரு. முதல் பேரு, குடும்பப் பேரு, எழுத்து எல்லாம் அப்படியே இருக்கு பாருங்க."

திருப்பிப் பார்த்தார். தீவின் பெயரைப் படித்தார். அது என்ன தீவு என்று இந்த வயதில் யாருக்குத் தெரியாது? சிரிப்பு நின்றது. வாத்தியாருக்கும் அப்போதுதான் உறைத்தது. "நான் ஒரு முட்டாள், வெயில்ல வந்து உளறிட்டேன்" என்று எழுந்துவிட்டார். தேநீரைக்கூடக் குடிக்கவில்லை.

அவர் போனதும் கென்சாகு கேட்டார்: "யாசுயோ, இது யாரு?"

"தெரியாது."

"உங்க அண்ணன் எந்த ஆஸ்பத்திரியில செத்தாரு?"

"அப்போ எனக்குப் பத்து வயசுங்க. யாரு என்கிட்ட சொன்னா?"

அவர் திரும்பக் கேட்கவில்லை. தன் கார்டு ஆல்பத்தை எடுத்துவந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் இருந்த காலத்திலிருந்து வாங்கிய கார்டுகள், அகரவரிசையில். உன்னுடையதை அதன் இடத்தில் செருகினார். அந்த எழுத்தில் வேறு கார்டு இல்லை. உன்னுடையது தனியாக இருக்கிறது.

அன்றிலிருந்து தபாலை அவர் கொண்டுவந்து கொடுப்பதில்லை. பெட்டியிலேயே விட்டுவிடுகிறார். நானே போய் எடுக்கிறேன்.

யாசுயோ


கசனே தீவு
2003 அக்டோபர் 12

யாசுயோ,

கென்சாகு இங்கே வந்தார். உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீ அவரோடு பேச வேண்டியிருக்கும்.

வியாழக்கிழமை காலைப் படகில் தனியாக வந்தார். கறுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டை. கொட்டகை வாசலில் நின்று தன் கார்டை நீட்டினார். கமிசாவா மேல்தெருக் குடியிருப்போர் சங்கத் தலைவர், தொச்சிகுபோ கென்சாகு. நான் என்னுடையதை நீட்டினேன். அவரிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தும் வாங்கிக்கொண்டார். குனிந்தோம். இரண்டு பேரும் நிமிர நேரமாயிற்று.

"சுத்திக் காட்டுங்க" என்றார்.

காட்டினேன். வேறென்ன செய்வது? ஊன்றுகோல், வேலிக் கம்பி, காசு. கண்ணாடிப் பெட்டி ஒவ்வொன்றின் முன்னும் நின்று விளக்கத்தை முழுதும் படித்தார். வந்தவர்களின் பெயரையும் கொடுத்த புதுப் பெயரையும் எழுதிவைத்த புத்தகம் இருக்கும் பெட்டியின் முன் நீண்ட நேரம் நின்றார். பிறகு என் அறைக்குக் கூட்டிப்போனேன். நான் ஊற்றிய தேநீரை என் கோப்பையில் குடித்தார். நோய்க்கு அவர் பயப்படவில்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

"மொரிதாவும் நீங்கதானா?"

"ஆமா."

"அப்போ கவிதை?"

"ஒரு வரிகூட எழுதினதில்ல."

"நான் அவகிட்டக் கேப்பேன், மொரிதா நல்லா எழுதுவாரான்னு. சுமாராத்தான் எழுதுவாரும்பா." அப்போது மட்டும் அவர் வாயோரம் அசைந்தது.

நான், "மாப்பிள்ளை, தப்பு என்னோடது" என்று தொடங்கினேன். அந்த முறைச்சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. கையை உயர்த்தினார்.

"உங்க கல்லறைக்கு வருஷா வருஷம் நான்தான் தண்ணி ஊத்துறேன். கல்லைத் தேய்ச்சுக் கழுவுறது நான். யாசுயோ பின்னால நின்னு கும்பிடுவா. நான் உங்ககிட்டப் பேசுவேன், தெரியுமா? உங்க இடத்துல உக்காந்திருக்கேன், மன்னிச்சுக்குங்க, வீட்டை நல்லா பாத்துக்கிறேன்னு. நாப்பது வருஷமா செத்தவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். நான் யாருக்கு ஊத்தினேன் அந்தத் தண்ணிய? சொல்லுங்க. அவ பின்னால நின்னு யாரைக் கும்பிட்டா?"

காலியான கோப்பைகளைக் கழுவி வைத்தேன். 

மூன்றரைப் படகுக்கு நடந்தோம். துறையில் அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு, நான் கேட்டேயிராத ஒன்றைக் கேட்டார். இந்த நாட்டில் யாரும் யாரிடமும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"மரியாதை இல்லாத காரியம்தான். காலைல நான் குடுத்த கார்டைத் திருப்பித் தர முடியுமா? அது என் பேரு இல்ல."

சட்டைப்பையிலிருந்து எடுக்க என் விரல் ஒத்துழைக்கவில்லை. அவர் காத்திருந்தார். உதவி செய்ய வரவில்லை, அவசரப்படவும் இல்லை. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு படகில் ஏறினார். கொஹெய் கயிற்றை அவிழ்த்துப் படகை எடுத்தான்.

அவரிடம் உண்மையைச் சொல். அழாமல் சொல்.

எய்ஸோ


கமிசாவா
2003 நவம்பர் 24

அண்ணா,

அழாமல் சொன்னேன். பயன் இல்லை.

உன் தீவிலிருந்து வந்த அன்று நூடுல்ஸ் சாப்பிட்டார், குளித்தார், தூங்கினார். மறுநாளும் அப்படியே. பாதி நம்பிக்கை வந்துவிட்டது எனக்கு. ஒரு வாரம் பெர்சிமன் பழங்களையும் முள்ளங்கியையும் காயக் கட்டித் தொங்கவிட்டோம், பழைய மாதிரி. பிறகு ஒரு காலையில் சொன்னார்.

"குஷ்டம்னு சொல்லியிருந்தா வந்திருப்பேனான்னு யோசிச்சுப் பாத்தேன். வந்திருப்பேன் யாசுயோ. உன்னை எனக்குப் புடிச்சிருந்துச்சு. ஆனா உசுரோட ஒருத்தன் இருக்கையில அவன் செத்துட்டான்னு சொல்லி அவன் இடத்துல என்னை உக்கார வெச்சீங்க பாரு, அங்க என்னால இனி உக்கார முடியாது."

"வயசு எழுபதாச்சு. எங்க போவீங்க?"

"எங்க அண்ணன் வீட்டுக்கு."

"போய்?"

"ஹராதாவா சாவேன்."

நகர அலுவலகத்தில், நம் அப்பா அவரைத் தத்தெடுத்ததை முறிக்கும் காகிதம் கொடுத்துவிட்டார். விவாகரத்துக் காகிதமும் சேர்ந்து வந்தது. முத்திரை போட்டேன். வாசலில் இருந்த பெயர்ப்பலகையில் தன் பெயர் இருந்த பாதியை மட்டும் கழற்றினார், ஆணியைக்கூடப் பிடுங்கி, ஓட்டையை மெழுகால் அடைத்துவிட்டுப் போனார். எதையும் ஒழுங்காகச் செய்கிறவர்.

சிஹோ அப்பா பக்கம். "மாமா விஷயம் எனக்குக் கவலையில்ல. அப்பாவை எப்படிம்மா இத்தனை வருஷம் தண்ணி ஊத்தவெச்சுப் பாத்துட்டு நின்ன?" என்று போனில் கேட்டாள். கட்டிக்கொண்டு போனவள், அவள் பெயரும் வேறு. இனி உலகத்தில் தொச்சிகுபோ என்று நீயும் நானும் மட்டும்தான் அண்ணா. நீ கேட்டது கிடைத்துவிட்டது. வைத்துக்கொள்.

எனக்கு இனி எழுத வேண்டாம். மொரிதா என்றும் வேண்டாம், மற்றதும் வேண்டாம்.

யாசுயோ


கசனே தீவு
2004 பிப்ரவரி 15

யாசுயோ,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதிக் கார்டுகளை இசெகியிடம் திருப்பிக் கொடுத்து, வழிகாட்டும் வேலையை விட்டேன். காரணம் கேட்டாள், சொன்னேன். அந்தப் பெண் அழுதாள். கொடுத்துவிட்டவற்றைத் திரும்ப வாங்க வழி உண்டா என்று கேட்டேன். "முன்னூறு பேர் ஆல்பத்துல இருக்கு ஐயா. அவங்க யாரும் தூக்கிப் போட மாட்டாங்க" என்றாள். அதைத்தான் முதல் நாள் பெருமையாகச் சொன்னாள். கூட்டம் இன்னும் வருகிறது. துறையில் நின்று என்னைக் கேட்கிறார்கள், கொஹெய் உடம்பு சரியில்லை என்கிறான்.

மறைக்க இனி ஒன்றும் இல்லை என்பதால் ஒன்று கேட்கிறேன். மார்ச் மாதம் பனி விட்டதும் இருபதாம் தேதி நான் அங்கே வருகிறேன். கூட இசெகி ஸ்டேஷன்வரை வருவாள், வீட்டுக்கு நான் தனியாக வருவேன். உள்ளே வந்து உட்காரவேண்டும் என்றில்லை. வாசலில் நின்று உன்னை ஒருமுறை பார்த்தால் போதும். எனக்கு நினைவிருப்பது பத்து வயது முகம், அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலமும் உனக்கு எழுதினேன்.

வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது. வரி வராவிட்டால் வருவேன்.

அண்ணன்


கமிசாவா
2004 மார்ச் 21

அண்ணா,

அந்த ஒரு வரியை எழுதியிருக்க வேண்டும். நாலு முறை தாளை எடுத்தேன். வேண்டாம் என்று எழுத முடியவில்லை, வா என்றும் எழுத முடியவில்லை. தேதி வந்துவிட்டது.

நேற்று மணி அடித்தபோது சமையலறையில் இருந்தேன். தேதி நினைவில் இருந்தும், மணி அடித்ததும் அவர் வந்துவிட்டார் என்றே மனம் ஓடியது. கைகூடத் துடைக்காமல் ஓடிவந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் நீ. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நேராக நின்றாய். நீதான் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. அப்பாவின் நெற்றி.

அப்போது எனக்குள் வந்தது என்ன என்பதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை, இனி யாரிடமும் எதையும் மறைக்கிற தெம்பு இல்லை. ஏமாற்றம். நீயாக இருந்தாயே என்ற ஏமாற்றம். ஐம்பத்தாறு வருடம் கழித்து அண்ணன் வாசலில் நிற்கிறான், நான் அவன் முதுகுக்குப் பின்னால் தெருவில் வேறொருவர் வருகிறாரா என்று பார்க்கிறேன்.

கதவைத் திறந்து உன்னை உள்ளே விட்டுவிட்டால், இந்த வீடு யாருடையது என்று முடிவாகிவிடும். அதற்குப் பிறகு அவர் வரமாட்டார். வரப்போவதில்லை என்பதும் தெரியும். தெரிந்தும் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நீ இரண்டாம் முறை மணி அடித்தாய். மூன்றாம் முறை அடிக்கவில்லை. "யாசுயோ" என்று மெதுவாகச் சொன்னாய், கூப்பிடுகிற மாதிரி இல்லை. பலகையைப் படித்துப் பார்த்தாயோ என்னவோ.

நீ சந்து திரும்பி, நேரம் கொஞ்சம் போன பிறகுதான் வெளியே வந்தேன். ஆள் இல்லாத வீட்டில் விற்பனைக்காரர்கள் விட்டுப்போவது போல, தபால்பெட்டியில் உன் கார்டு இருந்தது.

முன்பக்கம் உன் பெயர். பின்பக்கம் கொட்டகையின் படம், வழி, படகு நேரம். காலை ஒன்பது, பதினொன்றரை, கடைசிப் படகு மூன்றரை. நான் ஏறப்போவதில்லை, ஆனாலும் எல்லா நேரத்தையும் படித்தேன். பேனாவால் ஏதாவது எழுதியிருப்பாயோ என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அச்சடித்ததைத் தவிர எதுவும் இல்லை.

யாசுயோ